காஃப் மலைக்குப் போய் வந்தேன்

எங்கள் வீட்டுக்கு பிளேஸ்டேஷன் வந்த நாளில் அது யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டாரில் வேலை செய்யும் மாமா விடுமுறையில் வந்திருந்தார். உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். அவர் பாவித்து முடித்த பிளேஸ்டேஷன் 4. கூடவே இரண்டு கொன்ட்ரோலர், நான்கு டிஸ்க். எனக்கு ஓர் அபாயாவும் கைமணிக்கூடு ஒன்றும் கிடைத்தன. நான் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கேம் என்றால் எனக்கு அதுவரை தெரிந்தது போனில் ஆடுவதுதான். பஸ் தரிப்பிடத்தில் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சுடு சுடு என்று கத்துவார்கள். பஸ் வந்து போனதும் தெரியாது. அதைப் பார்த்து, இது புத்தியுள்ளவர் செய்கிற வேலையல்ல என்று முடிவு கட்டியிருந்தேன். உயர்தரத்துக்குத் தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் படிக்கிறவள் நான். எனக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தை உண்டாக்கியவன் தம்பிதான். அவனுக்குப் பதின்மூன்று வயது. இங்கிலிஷ் அவ்வளவாக ஓடாது. தவணை விடுமுறையில் ஒரு நாள், கொத்மலையில் வழக்கம்போல் மழையும் பனியும் மூடியிருந்த பகலில், முன்னறையில் இருந்து கூப்பிட்டான்.

"தாத்தா, இதில என்ன போட்டிருக்கு என்டு கொஞ்சம் வாசிச்சுத் தாங்களேன்."

பிடித்துக்கொண்டிருந்த அயன் பெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஓர் இளவரசனைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், அவனை மீட்கப் போக வேண்டும் என்று இருந்தது. கடத்திக்கொண்டு போன இடத்தின் பெயரை வாசித்ததும் நின்றுவிட்டேன். காஃப் மலை.

அந்த மலையை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். உம்மும்மா சொல்லும் கதைகளில் பாதி அங்கேதான் நடக்கும். பூமியைச் சுற்றிக் காஃப் மலை வளையமாக நிற்கிறது, அது பச்சை மரகதத்தால் ஆனது, வானத்துக்கு நிறம் வந்ததே அந்த மலையின் சாயல் பட்டுத்தான் என்பார். அதற்கு அப்பால் ஜின்களின் நாடு. மின்சாரம் போன இரவுகளில் போர்வைக்குள் கேட்ட அந்தப் பெயர், பிரான்சு நாட்டில் செய்யப்பட்ட ஒரு விளையாட்டுக்குள் இருந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்து நிற்கிறது.

விளையாட்டின் பெயர் 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா: த லொஸ்ட் கிரவுன்'. 2024 ஜனவரியில் வெளிவந்தது. யூபிசொஃப்ட் நிறுவனத்தின் மொன்பெலியே நகரக் கலைஞர்கள் செய்தது. பாரசீகப் பேரரசைக் காக்கும் ஏழு வீரர்களில் இளையவன் சார்கோன். நாம் ஆட்டி வைப்பது அவனைத்தான். கடத்தப்பட்ட இளவரசன் கஸ்ஸானைத் தேடி அவன் காஃப் மலைக்குள் போகிறான். உள்ளே ஒரு பெரிய நகரம் பாழடைந்து கிடக்கிறது. ஸீமுர்க் என்ற மாபெரும் பறவை அங்கிருந்து மறைந்த பிறகு, அந்த மலையில் காலம் பழுதாகிவிட்டது. உள்ளே போன எல்லோருக்கும் நேரம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஓட்டம், பாய்ச்சல், வாள்வீச்சு.

தம்பி செட்டிங்குக்குள் போய்ப் பேசும் மொழியைப் பார்சிக்கு மாற்றினான். இந்தத் தொடர் விளையாட்டுகளில் பாரசீக மொழியில் குரல் கொடுக்கப்பட்டது இதற்குத்தான் முதன்முறையாம். அவன் வேடிக்கைக்காக மாற்றினான். ஆனால் அதைக் கேட்டு அறைக்குள் இருந்து ஒருவர் வந்தார்.

"ஷாஸாதா என்டு சொன்ன மாதிரி கேட்டிச்சே. ஆரு ஷாஸாதா?"

உம்மும்மா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷாஸாதா என்றால் இளவரசன். பழைய கிஸ்ஸாக்களில் கேட்டுப் பழகிய சொல். நான் திரையில் ஓடிய இங்கிலிஷ் வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் இடையில் திருத்தம் வேறு செய்தார். "காஃப் மலைக்கு வாசல் அப்படியொன்னும் லேசில திறக்காதே, இவன் எப்படி இவ்வளவு சுருக்கா போனான்?" என்றார். தம்பி கொன்ட்ரோலரை நிறுத்திவிட்டுச் சிரித்தான். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே கதையை ஒரே நேரத்தில் கேட்டு எத்தனை வருடமாகிவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது.

அடுத்த நாள் தம்பி மத்ரஸாவுக்குப் போன நேரத்தில் நானே கொன்ட்ரோலரை எடுத்தேன்.

முதல் அரை மணித்தியாலம் வெட்கக்கேடு. எந்த விரல் எந்தப் பொத்தானில் என்பதே பிடிபடவில்லை. குதிக்க நினைத்தால் வாள் வீசினேன், வாள் வீச நினைத்தால் பள்ளத்தில் விழுந்தேன். இரண்டாம் வகுப்பில் பென்சில் பிடிக்கத் தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. பதினேழு வயதில் மறுபடியும் ஒன்றுமே தெரியாதவளாக நிற்பது விநோதமான அனுபவம்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். இந்த விளையாட்டில் எதிரி தாக்க வரும்போது சில வேளை மஞ்சள் ஒளி மின்னும், சில வேளை சிவப்பு ஒளி மின்னும். மஞ்சள் என்றால் நின்று தடுக்கலாம். சரியான கணத்தில் தடுத்தால் எதிரியின் பலமே அவனை வீழ்த்தும். சிவப்பு என்றால் தடுக்கவே முடியாது, விலகித்தான் ஆக வேண்டும். எதை எதிர்த்து நிற்பது, எதை விட்டு விலகுவது என்று அரை வினாடியில் தீர்மானிக்க வேண்டும். ஜஹந்தார் என்ற காவல் மிருகம் ஒன்று வருகிறது. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட மந்திகோர். இந்தப் பெயருக்கு மூலமே 'மனிதரைத் தின்பது' என்ற பழம் பாரசீகச் சொல்தான். அதனிடம் நான் பதினான்கு முறை தோற்றேன். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தோற்றால் என்ன ஆகும்? கடைசியாக இளைப்பாறிய வக்வக் மரத்தடியில் மறுபடி எழுந்து நிற்போம். வக்வக் மரமும் நமக்குப் புதிதல்ல. அரபுப் பயணிகள் எழுதிவைத்த தூரத்துத் தீவுகளின் அதிசய மரம் அது. பொன்னிறமாக ஒளிரும் அந்த மரத்தடியில் எழுந்து திரும்பவும் போகலாம். யாரும் புள்ளியை வாசித்துக் காட்ட மாட்டார்கள். மாமியின் மகளோடு ஒப்பிட மாட்டார்கள். பதினான்கு முறை தோற்ற ஒருத்தியைப் பதினைந்தாம் முறையும் அதே கதவு உள்ளே விட்டது. கடந்தகால வினாத்தாளை ஒருமுறை செய்து, புள்ளி குறைந்ததும் மூடிவைத்துவிடும் பழக்கம் எனக்கு இருக்கிறது. அதை அன்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் பிடித்திருந்தது. மலைக்குள் ஃபரீபா என்று ஒரு சிறுமி இருக்கிறாள். வரைபடம் விற்பவள். பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் வழி தெரியாமல் சுற்றும் இடத்தில் அந்தப் பிள்ளை எல்லா மூலையையும் அளந்து வைத்திருக்கிறாள். சார்கோன் அவளிடம் காசு கொடுத்து வரைபடம் வாங்குகிறான். அவள் வரும்போதெல்லாம் எனக்கு அவளாக இருந்து விளையாட வழியிருந்தால் என்ன என்று தோன்றியது.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இனிச் சொல்வது எனக்கு எழுதக் கஷ்டமான பக்கம்.

ஜஹந்தாரை வென்ற நாளில் லுஹர் தொழுதுவிட்டு இரண்டு மணியளவில் உட்கார்ந்தேன். அஸர் பாங்கு சொன்னது காதில் விழுந்தது. 'இந்த ஒரு முறை மட்டும்' என்று நினைத்தேன். அடுத்த முறையும் அதையே நினைத்தேன். வெளியே மழை, உள்ளே இருட்டு, திரையில் மட்டும் வெளிச்சம். பதினைந்தாவது முறை அது விழுந்தது. கைகள் நடுங்க, சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அதே நேரத்தில் பள்ளியில் பாங்கு கேட்டது. அஸராக இருக்கும் என்று எழுந்தேன். மஃரிப்.

மாமா தந்த மணிக்கூடு என் கையில்தான் இருந்தது. ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.

உம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏசவில்லை. "கூப்பிட்டேன் மகள், கேட்கல்ல போல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அஸர் என்ற சொல்லுக்கே காலம் என்றும் பொருள் உண்டு என்பதையும், அந்தப் பெயரில் குர்ஆனில் 103ஆவது அத்தியாயம் இருப்பதையும் பாடத்தில் படித்தவள் நான். படித்தது ஒன்று, தவறவிட்டு நின்றபோது விளங்கியது வேறொன்று.

அன்றிரவு உம்மும்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டு சொன்னேன். அவர் ஒரு கதை சொன்னார். நமக்குத் தெரிந்த அமீர் ஹம்ஸாவின் கதைதான். ஜின்களின் அரசனுக்கு உதவி செய்ய ஹம்ஸா காஃப் மலைக்குப் போகிறார். போகும்போது 18 நாட்களில் திரும்பி வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வர 18 வருடங்கள் ஆகின்றன. இது உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரழி) அவர்களின் வரலாறு அல்ல. அந்தப் பெயரைச் சுற்றிப் பாரசீகத்திலும் உருதுவிலும் மலாயிலும் வளர்ந்த கற்பனைக் கதை. அதை உம்மும்மாவும் தெளிவாகவே சொல்வார். சொல்லிவிட்டுக் கேட்டார்: "காஃப் மலைக்குப் போறவன் எவனும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. நீ மட்டும் வருவியா?"

பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். கதை தீயதல்ல. அதற்குள் போனவருக்கு நேரம் வேறு விதமாக ஓடுகிறது. இருபது நிமிடம் என்று நினைத்தால் இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக்கு அடிமையாவதை நோய்களின் பட்டியலில் 2019இல் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவர்கள் சொல்லும் நோய், விளையாடுகிற எல்லோருக்கும் உள்ளதல்ல. படிப்பும் உறக்கமும் உறவும் கெட்டுப்போகிறது என்று தெரிந்த பிறகும் விடமுடியாமல், பொதுவாக 12 மாத காலம் தொடர்வதற்குத்தான் அந்தப் பெயர். ஓர் அஸரைத் தவறவிட்டவள் நோயாளி அல்ல. ஆனால் அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டவள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் கருத்துகள் சிலவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எல்லாக் கேமும் ஒன்றல்ல. நாம் 'புத்தகம்' என்று சொல்லிப் பாடநூலையும் மலிவான துப்பறியும் கதையையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. இதிலும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் ஆடிய விளையாட்டு, ஒருமுறை டிஸ்க்கை வாங்கினால் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதை. என்றாவது ஒரு நாள் அது முடியும். போனில் பிள்ளைகள் ஆடும் பல கேம்களுக்கு முடிவே இல்லை. இலவசம் என்று சொல்லி உள்ளே எடுப்பார்கள். தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நட்டம். பிறகு உடுப்புக்குக் காசு, ஆயுதத்துக்குக் காசு. முடியக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. பிள்ளை என்ன விளையாடுகிறது என்று கேட்கும் பெற்றோர், "இது எப்போது முடியும்?" என்றும் கேட்க வேண்டும். பதில் இல்லாத விளையாட்டு வீட்டுக்குள் வராமல் இருப்பது நல்லது. பெட்டியின் மூலையில் வயது போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். மாமா தந்த நான்கு டிஸ்க்கில் ஒன்றில் 18 என்று இருந்தது. வாப்பா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் செய்தது சரி.

இரண்டாவது, மகனுக்கும் மகளுக்கும் மணிக்கூடு ஒன்றாக இருக்கட்டும். தம்பி இரவு பதினொரு மணி வரை விளையாடினால் "ஆம்பிளப் புள்ள, விளையாடட்டும்" என்பார்கள். நான் பத்து நிமிடம் உட்கார்ந்தால் "உனக்குக் குசினியில வேலை இல்லையா?" என்று கேட்பார்கள். தம்பியிடம் யாரும் அஸரைக் கேட்பதில்லை. அவனுக்கு அது கிடைத்த சலுகை என்று முதலில் பொறாமைப்பட்டேன். யோசித்துப் பார்த்தால், அவனுக்குச் செய்யப்படும் அநியாயம் என்றே படுகிறது. என்னைக் கூப்பிட ஒருவர் வாசலில் நின்றார். அவனைக் கூப்பிட யார் நிற்கிறார்? மாமா கேமை அவனுக்கும் மணிக்கூட்டை எனக்கும் தந்தார். எங்கள் இருவருக்கும் இரண்டிலும் பாதிப் பாதி தேவைப்படுகிறது.

மூன்றாவது, முக்கியமானது. கதையைத் தனியாகக் கேட்க விடாதீர்கள், கூட இருங்கள். நான் முதல் நாள் உம்மும்மாவோடு இருந்தபோது எனக்கு நேரம் தவறவில்லை. அவர் "போய்த் தண்ணி கொண்டுவா", "பாங்கு சொல்றாங்க, நிப்பாட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தனியாக இருந்த அன்றுதான் தவறினேன்.

முகலாயப் பேரரசர் அக்பருக்கு இந்த ஹம்ஸா கதைமேல் பெரும் பிரியம். 16ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 1,400 ஓவியங்களாக அதை வரைவித்தார். பல ஓவியர்கள் சேர்ந்து முடிக்கப் பதினைந்து ஆண்டுகள் அளவில் ஆயின. ஒவ்வொன்றும் பெரிய படம், பின்புறத்தில் கதை எழுதியிருக்கும். ஒருவர் கதையை வாசிக்க, சபை படத்தைப் பார்த்துக் கேட்கும் வகையில் அவை அமைந்தவை என்கிறார்கள். பெரிய படம், கதை சொல்பவர், சுற்றி உட்கார்ந்த மனிதர்கள். எங்கள் முன்னறையில் அன்று நடந்ததும் அதுதான்.

தூரத்து டில்லி வரைக்கும் போவானேன்? எங்கள் கொத்மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் இங்கே கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. 1990களின் கடைசியில், கிராமங்களில் இணையம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலிக்கு இணையத் தொடர்பு கிடைத்தது. மக்கள் கேள்விகளை அனுப்புவார்கள். வானொலியில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, தங்கள் மொழியில் விளக்கி, ஊர் முழுவதும் கேட்கும்படி சொல்வார்கள். இணையத்தை ஒருவர் மட்டும் அறைக்குள் பூட்டிக்கொண்டு பார்க்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினார். உலகமே இந்த மலைநாட்டு முயற்சியைப் பற்றி எழுதியது. புதிய கருவி ஒன்று வீட்டுக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது.

கூட இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. இந்த விளையாட்டில் ஸீமுர்க்கைக் காலத்தின் தெய்வம் என்கிறார்கள். ஒரு முஸ்லிம் பிள்ளை ஏற்கக்கூடிய சொல்லல்ல அது. தம்பி தனியாக இருந்திருந்தால் அதை அப்படியே கடந்து போயிருப்பான். நான் நிறுத்திச் சொன்னேன். ஃபிர்தௌஸியின் ஷாஹ்நாமாவில் ஸீமுர்க் ஒரு பறவைதான். கைவிடப்பட்ட ஸால் என்ற குழந்தையை மலைக்கூட்டில் வைத்து வளர்க்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஃபரீதுத்தீன் அத்தார் எழுதிய காவியத்தில், ஹுத்ஹுத் பறவையின் தலைமையில் பறவைகள் தம் அரசனான ஸீமுர்க்கைத் தேடிப் போகின்றன. ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து கடைசியில் போய்ச் சேர்வது முப்பது பறவைகள் மட்டுமே. பாரசீகத்தில் ஸீ முர்க் என்றால் முப்பது பறவை என்று பொருள். தேடிப் போனவை தங்களையே காண்கின்றன. இதைக் கேட்ட தம்பி, "அப்ப கேமில இருக்கிறதை விட இது நல்லா இருக்கே" என்றான். பூட்டி வைத்திருந்தால் இந்த ஒரு வசனம் எனக்குக் கிடைத்திருக்காது.

கடைசியாகத் தோழியருக்கு ஒன்று. 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா'வின் முதல் விளையாட்டு 1989இல் வந்தது. செய்தவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். பெரிய நிறுவனமொன்றின் கூட்டம் அவரிடம் இல்லை. தன் தம்பியை ஓடவும் பாயவும் சொல்லி வீடியோவில் எடுத்து, ஒவ்வோர் அசைவாகப் பார்த்து வரைந்தார். அந்த இளவரசன் அவருடைய தம்பி. நம் எல்லோர் வீட்டிலும் ஓடவும் பாயவும் தம்பிமார் இருக்கிறார்கள். கதைக்கும் பஞ்சமில்லை. தமிழ் முஸ்லிம்களுக்குக் கிஸ்ஸா, நாமா, படைப்போர் என்று தனி இலக்கிய வகைகளே உள்ளன. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இலேயே 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். எகிப்தில் திருடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, சாகசம் பல செய்யும் ஓர் இளைஞனின் கதை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் நம் மலைநாட்டு முஸ்லிம் ஒருவர் எழுதிய சாகசக் கதை. முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவரும் அவரே.

எங்கள் கொத்மலையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையின் கோபத்துக்குத் தப்பிய துட்டகெமுனு இளவரசன் இங்கே மறைந்து வாழ்ந்தான் என்பது இந்த மண்ணின் கதை. 1985இல் நீர்த்தேக்கம் நிறைந்தபோது கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும், மழை வந்ததும் மறையும். பனி, அருவி, மலைச்சரிவு, நீருக்கடியில் ஊர். இதற்கு மேல் ஒரு விளையாட்டுக்கு என்ன வேண்டும்? பிரான்சில் இருப்பவர்கள் காஃப் மலையைச் செய்தார்கள். கொத்மலையை யாராவது செய்ய வேண்டுமென்றால் இங்கே இருக்கும் நாம்தான் செய்ய வேண்டும். வரைபடம் அளந்து வைத்திருக்கும் ஃபரீபா நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். தகவல் தொழினுட்பம் படிக்கும் தோழியர் இதை யோசித்துப் பாருங்கள். கதை எழுத நான் வருகிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெட்டி முன்னறையில்தான் இருக்கும். பாடசாலை நாட்களில் திறப்பதில்லை. விடுமுறை நாளில் அஸர் தொழுத பிறகு ஒரு மணித்தியாலம், தம்பிக்கு அரை, எனக்கு அரை. என் மணிக்கூட்டை மேசையில் கழற்றி வைப்போம், இருவருக்கும் தெரியும்படி. உம்மாவும் சில நாள் வந்து உட்காருகிறார். "இது என்ன, ஒரே வெட்டும் குத்தும்" என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறார்.

உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் என் அரை மணித்தியாலத்தை நான் நிறுத்தி வைத்துவிட்டேன். சார்கோன் மலையின் நடுவில், ஒரு வக்வக் மரத்தடியில் நிற்கிறான். எனக்குப் பெரிதாகக் கவலையில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாசீன் ஓதி முடித்துவிட்டு உம்மும்மா என்னைக் கேட்கிறார்:

"அந்தப் புள்ள ஷாஸாதாவைக் கண்டுபிடிச்சானா, இல்லையா?"

"பரீட்சை முடியட்டும் உம்மும்மா" என்கிறேன்.

"சுருக்கா முடி. எனக்கு வயசு போகுது" என்கிறார்.